அரசாங்கம் மட்டுமே நம்பிய கட்சி

1815-ல் நெப்போலியனை வாட்டர்லூவில் மண்ணைக் கவ்வ வைத்த பிறகு பிரிட்டிஷ் அரசாங்கம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தது. ஐரோப்பாவையே ஆட்டிப்படைத்த மனுஷனை அட்லாண்டிக் கடலுக்கு நடுவே செயின்ட் ஹெலனா தீவில் கொண்டுபோய் உட்கார வைத்தாயிற்று. இனி யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

இரண்டே வருடத்தில் ஆள் கிடைத்துவிட்டது. 1817 மார்ச்சில் நாடாளுமன்றம் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டது. ராஜதுரோகக் கூட்டங்களை ஒடுக்கும் சட்டம். அதில் ஒரு கூட்டத்தாரைப் பெயர் சொல்லியே தடை செய்தார்கள்: ஸ்பென்ஸ் மனிதநேயர் சங்கம்.

சங்கத்தின் படைபலத்தைக் கேளுங்கள். செருப்புத் தைக்கிறவர்கள், தையல்காரர்கள், கையில் காசில்லாத ஒரு டாக்டர், இருந்ததையெல்லாம் தொலைத்துவிட்ட ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி. தலைமையகம்: சோஹோவில் ஒரு பப், மூர்ஃபீல்ட்ஸில் ஒரு பப், ஷோர்டிச்சில் ஒரு பப், கார்னபி சந்தையில் ஒரு பப். கொள்கை: நாட்டிலுள்ள நிலம் முழுவதையும் ஜனங்களுக்குப் பொதுவாக்குவது. நடவடிக்கை: கூடுவது, பீர் குடிப்பது, கொள்கைப் பாட்டுப் பாடுவது, வீட்டுக்குப் போவது.

நெப்போலியனை வென்ற சாம்ராஜ்யம் இவர்களைப் பார்த்து நடுங்கியது. ஜனங்கள் இவர்களைப் பெரிதாக நம்பவில்லை. அரசாங்கம் நம்பியது. விசுவாசமாக, விடாமல், கடைசிவரை நம்பியது. ஆள் அனுப்பியது, செலவுக்குக் காசு கொடுத்தது, கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பெழுதி வைத்தது, முடிவில் புரட்சிக்கு நாளும் குறித்துக் கொடுத்தது. சொந்தக் கட்சிக்காரர்கள்கூட இவ்வளவு உழைத்ததில்லை.

மூலவர்

சங்கத்துக்குப் பெயர் கொடுத்த தாமஸ் ஸ்பென்ஸ் 1750-ல் இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலில் பிறந்தார். அப்பா வலை பின்னும் தொழிலாளி. வீட்டில் மொத்தம் 19 பிள்ளைகள். எதையும் சரிசமமாகப் பங்கு வைக்க வேண்டும் என்ற தத்துவத்துக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது.

அவர் வாலிபராக இருந்தபோது நியூகாசில் நகராட்சி ஊரின் மேய்ச்சல் புறம்போக்கைக் குத்தகைக்கு விட்டுக் காசு பார்க்க முயன்றது. ஊரார் விடவில்லை. வழக்குப் போட்டு மல்லுக்கட்டி உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஸ்பென்ஸுக்குள் பொறி தட்டியது. ஒரு புறம்போக்கு ஊருக்குச் சொந்தம் என்றால், மற்ற நிலம் மட்டும் எப்படி நாலு பிரபுக்களுக்குச் சொந்தமாகும்?

1775 நவம்பரில் நியூகாசில் தத்துவச் சங்கத்தில் எழுந்து நின்று இதைப் பேசினார். ஊர் நிலம் ஊருக்கே. உழுகிறவர் ஊர்ச் சபைக்கு வாடகை கட்டட்டும். வேறு வரி வேண்டாம். சங்கத்துப் பெரியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். கொஞ்ச நாளில் அவரைச் சங்கத்தை விட்டே நீக்கினார்கள். நிலத்தைப் பிடுங்கலாம் என்று பேசியதற்காக அல்ல. பேசியதை அச்சடித்துத் தெருவில் கூவிக்கூவி விற்றதற்காக! பிரபுக்களின் சொத்தைப் பறிப்பது பற்றி நாலு சுவருக்குள் விவாதிப்பது தத்துவம். அதையே அரைப் பென்னிக்கு விற்பது அநாகரிகம்.

ஒரு விவாதத்தில் தன் பக்கம் பேசவில்லை என்று நண்பர் தாமஸ் பியூவிக்கைத் தடிச் சண்டைக்கு இழுத்தார் ஸ்பென்ஸ். பியூவிக் பின்னாளில் மரச்செதுக்கு ஓவியத்தில் உலகப் புகழ் பெற்றவர். கையில் நல்ல தெம்பு. விவாதத்தில் தோற்ற ஸ்பென்ஸ் சண்டையிலும் தோற்றார்.

பிறகு லண்டனுக்கு வந்தார். சான்சரி லேன் மூலையில் ஒரு தட்டுக்கடை போட்டார். ஒரு பக்கம் புத்தகம், இன்னொரு பக்கம் சூடான சலூப் பானம். அரசியல் கசக்கிறவர்கள் பானம் குடிக்கலாம், பானம் கசக்கிறவர்கள் அரசியல் படிக்கலாம். எட்மண்ட் பர்க் என்ற மேதாவி சாதாரண ஜனங்களைப் பன்றிக் கூட்டம் என்று எழுதிவிட, ஸ்பென்ஸ் அசரவில்லை. 'பன்றித் தீவனம்' என்ற பெயரில் 1793-ல் ஒரு பத்திரிகையே தொடங்கிவிட்டார்.

பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களை என்ன செய்வது? நாணயங்களை எடுத்து ராஜாவின் முகத்துமேலேயே கோஷங்களைக் குத்திப் புழக்கத்தில் விட்டார். தானே வில்லைகள் அடித்து ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்கள்மேல் வீசினார். சட்டைப்பைக்குள் இருப்பதை எடுப்பதுதான் அரசியல்வாதியின் வேலை என்றிருந்த ஊரில், காசை வாரி இறைத்த முதல் தலைவர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆங்கில எழுத்துமுறையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஏழைகள் சுலபமாகப் படிக்கட்டும் என்று, உச்சரிப்பை அப்படியே காட்டும் புதிய எழுத்துகளை உருவாக்கினார். 1801-ல் ராஜதுரோக எழுத்துக்காக ஓராண்டு ஷ்ரூஸ்பரி சிறையில் போட்டார்கள். வெளியே வந்ததும் தன் வழக்கு விசாரணையை அந்தப் புதிய எழுத்திலேயே அச்சடித்தார். ஏழைகள் அதைப் படிக்க வேண்டுமானால் முதலில் ஸ்பென்ஸிடம் டியூஷன் போக வேண்டும்.

சிரித்தாயிற்றா? இப்போது அவர் 1797-ல் எழுதியதைப் பாருங்கள். நில வாடகையில் ஊர்ச் செலவு போக மிச்சமிருப்பதை ஆண், பெண், கைக்குழந்தை என்று பாராமல் தலைக்கு இவ்வளவு என மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஆண்களிடம் தரக்கூடாது, பெண்கள் குழுவிடம் தர வேண்டும். இன்று அடிப்படை வருமானம் பற்றிக் குளிர்சாதன அறையில் கருத்தரங்கம் நடத்துகிற பொருளாதார நிபுணர்கள் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். அவர் சலூப் விற்றுக்கொண்டு சொன்னார்.

1814 செப்டம்பரில் ஸ்பென்ஸ் காலமானார். சவ ஊர்வலத்தில் ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு தட்டிலும் சம அளவு மண். அவர் பெயரில் சரிசமமாகப் பங்கிடப்பட்ட ஒரே நிலம் அதுதான்.

சீடர்களும் பசியும்

மிச்சமிருந்த சீடர்கள் சங்கத்தைத் தூசு தட்டி எழுப்பினார்கள். லண்டன் சுவர்களில் சாக்கட்டியால் 'ஸ்பென்ஸ் திட்டம், வயிறு நிறையச் சாப்பாடு' என்ற பொருளில் எழுதிப் போட்டார்கள். நூலகரும் செயலாளருமான தாமஸ் எவன்ஸ் அமைதியான மனிதர். பைபிளில் 50 ஆண்டுக்கு ஒருமுறை நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறதே என்று ஆதாரம் காட்டிப் பிரசாரம் செய்தார். கேட்டவர்கள் ஆமென் சொல்லிவிட்டு அடுத்த கோப்பை கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து நாட்டு நிலைமை மோசமானது. போர் முடிந்து லட்சக்கணக்கில் சிப்பாய்களும் மாலுமிகளும் வேலையில்லாமல் ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டுத் தானியம் மலிவாக வந்துவிடக் கூடாது என்று நிலப்பிரபுக்கள் 1815-ல் தங்களுக்குத் தாங்களே ஒரு தானியச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். போதாக்குறைக்கு அதே வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, வானமெல்லாம் சாம்பல் பரவி, 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. பயிர் அழுகியது. ரொட்டி விலை ஏறியது.

சரி, நாடாளுமன்றத்தில் முறையிடலாமே? எப்படி முறையிடுவது? மான்செஸ்டர் மாதிரிப் பெரிய ஊருக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. ஓல்டு சாரம் என்ற பொட்டல் மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள். அந்த மேட்டில் குடியிருப்பே இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள் தேர்தலன்று மட்டும் வந்து போவார்கள். அந்தத் தொகுதியை ஒரு காலத்தில் விலைக்கு வாங்கிப் போட்டவர் யார் தெரியுமா? பிற்பாடு நம்ம மதராஸ் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக வந்த தாமஸ் பிட். இந்திய வியாபாரத்தில் சேர்த்த பணம். அந்த வம்சத்தில் இரண்டு பிரதமர்கள் வந்தார்கள். ஜனநாயகத்தின் தாய் வீட்டுக்கு நாமும் கொஞ்சம் மொய் எழுதியிருக்கிறோம்.

இந்தச் சூழ்நிலையில் சங்கத்தில் சூடான கோஷ்டி ஒன்று தலையெடுத்தது. டாக்டர் ஜேம்ஸ் வாட்சன், அவருடைய மகன் சின்ன வாட்சன், செருப்புத் தைக்கும் பிரஸ்டன், முன்னாள் ராணுவ அதிகாரி ஆர்தர் திஸ்டில்வுட். பாட்டுப் பாடியது போதும், ஜனங்களைத் திரட்டுவோம் என்றார்கள். இவர்களோடு ஜான் காசில் என்று ஒரு புது உறுப்பினர் வந்து ஒட்டிக்கொண்டார். எல்லோரையும்விட அவருக்குத்தான் ரத்தம் அதிகமாகக் கொதித்தது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கோட்டையைக் கொடு

லண்டன் ஸ்பா ஃபீல்ட்ஸ் மைதானத்தில் பொதுக்கூட்டம் என்று முடிவானது. பிரபலங்கள் வந்தால்தானே கூட்டம் வரும்? நாட்டிலிருந்த சீர்திருத்தப் பிரமுகர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார்கள். வந்தவர் ஒரே ஒருவர்: ஹென்றி ஹன்ட். வெண்கலக் குரல், அசாத்தியமான தன்னம்பிக்கை. வந்தவர் முதல் வேலையாகத் தீர்மானத்தை வாங்கிப் படித்தார். நிலம், பங்கு, பறிமுதல் என்று இருந்ததையெல்லாம் அடித்துவிட்டு எல்லா ஆண்களுக்கும் ஓட்டு, ஆண்டுதோறும் தேர்தல், ரகசிய வாக்கெடுப்பு என்று மாற்றி எழுதினார். சங்கத்தின் முதல் மாபெரும் பொதுக்கூட்டத்தில் சங்கத்தின் கொள்கைக்கு மட்டும் இடமில்லை.

1816 நவம்பர் 15-ம் தேதி ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. மெர்லின்ஸ் கேவ் என்ற பப்பின் மாடி ஜன்னலிலிருந்து ஹன்ட் முழங்கினார். ராஜாவுக்குப் பதிலாக ஆண்டுகொண்டிருந்த இளவரசர் ரீஜென்ட்டிடம் மனு கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஹன்ட் மனுவைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனார். உள்ளே விடவில்லை. மறுபடி போனார். மறுபடி விடவில்லை. மனு கொடுத்த கதையைச் சொல்ல டிசம்பர் 2-ம் தேதி அடுத்த கூட்டம் என்று அறிவித்தார்கள்.

இடையில் ஒரு விருந்து. அங்கே காசில் கோப்பையைத் தூக்கி, கடைசிப் பாதிரியின் குடலை உருவிக் கடைசி ராஜாவின் கழுத்தை நெரிப்போம் என்கிற ரீதியில் வாழ்த்துரை வழங்கினார். ஹன்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிப் பேசினால் எழுந்து போய்விடுவேன் என்று சத்தம் போட்டார். காசில் உடனே நாற்காலியில் சாய்ந்து தூங்குவதுபோல் நடித்தார்.

ஹன்டுக்குத் தெரியாமல் தீவிர கோஷ்டி தனித் திட்டம் வைத்திருந்தது. கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு போய் லண்டன் கோட்டையையும் இங்கிலாந்து வங்கியையும் பிடிப்பது. பிடித்த கையோடு பொதுநலப் பாதுகாப்புக் குழு ஆட்சிப் பொறுப்பேற்கும். குழுவுக்குப் பெயர்ப் பட்டியலும் தயார் என்று பின்னாளில் கோர்ட்டில் காசில் சொன்னார். பர்டெட், காக்ரேன் பிரபு, மேஜர் கார்ட்ரைட், ஹன்ட் என்று ஊரிலிருந்த பெரிய மனிதர்களின் பெயரெல்லாம் அதில் இருந்ததாம். கேபினட்டில் சேர்த்ததை சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 2 வந்தது. ஹன்ட் ஒரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. இவர்கள் அதற்கு முன்பே பச்சை, வெள்ளை, சிவப்பு மூவர்ணக் கொடியோடு ஒரு வண்டியில் வந்து இறங்கிவிட்டார்கள். சிப்பாய்கள் நம் நண்பர்கள், அவர்களிடம் அன்பாக நடந்துகொள்ளுங்கள் என்று ஒரு பதாகை. ஆயுதக் கிடங்கும் வண்டியிலேயே இருந்தது: ஒரு பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டிய துப்பாக்கி ரவைகளும் கொஞ்சம் வெடிமருந்தும். சின்ன வாட்சன் வண்டிமேல் ஏறி, கேட்டால் கொடுக்க மாட்டார்களென்றால் நாமே எடுத்துக்கொள்ள மாட்டோமா என்று கத்திவிட்டு, கொடியோடு குதித்து ஓட ஆரம்பித்தார்.

பின்னால் சில நூறு பேர் ஓடினார்கள். மிச்சமிருந்த பெருங்கூட்டம்? அசையவே இல்லை. ஹன்ட் பேச்சைக் கேட்க வந்தவர்கள் ஹன்ட் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். புரட்சி நடக்கும்போது நாட்டு மக்கள் கூட்டத்தில் நல்ல இடம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஓடியவர்கள் ஸ்னோ ஹில் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் புகுந்தார்கள். அங்கே நின்றிருந்த ஒருவரைச் சின்ன வாட்சன் சுட்டுக் காயப்படுத்திவிட்டார். அப்புறம் ராயல் எக்ஸ்சேஞ்ச். அங்கே மேயர் மாத்யூ வுட், ஒரு ஆல்டர்மேன், ஒரு சில கான்ஸ்டபிள்கள். இவ்வளவு பேர்தான் அரசு தரப்பு. மேயரே ஓடிவந்து சிலரைப் பிடித்துக் கதவைச் சாத்தினார். புரட்சி ரெண்டாகப் பிளந்தது.

இன்னொரு பாதி லண்டன் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவர் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி, மேலே காவலிருந்த சிப்பாய்களைப் பார்த்து, கோட்டையை ஒப்படைத்துவிட்டு எங்களோடு வாருங்கள் என்று அழைத்தார். 700 வருடத்துக்கு மேல் நின்ற கோட்டை. அகழி, பீரங்கி, பட்டாளம் எல்லாம் இருக்கிறது. சிப்பாய்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை. அழைத்தவர் சுவரிலிருந்து இறங்கிவிட்டார்.

இதே நேரத்தில் ஹன்ட் தன் குதிரை வண்டியில் சாவகாசமாக மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார். சீப்சைடில் வழிமறித்த காசில், கோட்டை ஒரு மணி நேரமாக நம் கையில் இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார். ஹன்ட் இந்த ஆளை ஏற்கெனவே விருந்தில் பார்த்திருந்ததால் நம்பாமல் நேரே மைதானத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று அவர் எடுத்த முடிவுகளிலேயே உத்தமமானது அதுதான்.

இந்தக் கூத்தில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. ஜான் காஷ்மன் என்ற ஐரிஷ் மாலுமி. கடற்படையில் வருடக்கணக்கில் உழைத்த சம்பளப் பாக்கி அவருக்கு வந்து சேரவில்லை. அதைக் கேட்கத்தான் அன்று அலுவலகப் படியேறி இறங்கியிருந்தார். வழியில் கூட்டத்தோடு சேர்ந்தார். துப்பாக்கிக் கடைக் கொள்ளைக்காக 1817 மார்ச்சில் அந்தக் கடை வாசலிலேயே அவரைத் தூக்கிலிட்டார்கள். தலைவர்களில் யாரும் அன்று தூக்கு மேடை ஏறவில்லை. சின்ன வாட்சன் தலைக்கு 500 பவுண்டு விலை வைத்தும் அகப்படாமல் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

சாட்சி சொன்ன தொண்டர்

1817 பிப்ரவரியில் நாடாளுமன்ற ரகசியக் கமிட்டி அறிக்கை வந்தது. நாடெங்கும் பயங்கரச் சதி என்றது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கத் தடையாக இருந்த சட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அமைதியான பைபிள் பிரசாரகர் எவன்ஸையும் அவர் மகனையும் பிடித்து, வழக்கே போடாமல் கிட்டத்தட்ட ஒரு வருடம் உள்ளே வைத்தார்கள். பிறகுதான் முதலில் சொன்ன தடைச் சட்டம் வந்தது. சாக்கட்டியால் சுவரில் எழுதிக்கொண்டிருந்த பெயர் அன்று முதல் அரசாங்க கெஜட் அந்தஸ்துக்கு உயர்ந்தது.

ஜூன் மாதம் டாக்டர் வாட்சன்மேல் ராஜதுரோக வழக்கு. நிரூபணமானால் தூக்கு. அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி யார்? நம்ம காசில். ரத்தம் கொதித்தது எதனால் என்று இப்போது புரிந்திருக்கும். ஆள் அரசாங்க ஒற்றர்.

எதிர்த்தரப்பு வக்கீல் வெதரெல் குறுக்கு விசாரணையில் காசிலைப் பிழிந்து காயப்போட்டார். கள்ளநோட்டு விவகாரத்தில் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்துத் தூக்குக்கு அனுப்பிய கதை வந்தது. விபச்சார விடுதிச் சகவாசம் வந்தது. கோர்ட்டுக்குப் போட்டு வந்த உடுப்பே அரசுத் தரப்பு வாங்கிக் கொடுத்தது என்பதும் வந்தது. இந்த மனுஷனை நம்பி யாரைத் தூக்கில் போடுவது? ஜூரிகள் டாக்டரை விடுதலை செய்தார்கள். மற்றவர்கள்மேல் இருந்த வழக்கும் புஸ்ஸென்று போனது.

இத்தோடு எல்லோரும் அவரவர் தொழிலைப் பார்க்கப் போயிருக்கலாம். திஸ்டில்வுட் போகவில்லை. அவர் அமெரிக்கா போகக் கப்பல் டிக்கெட் எடுத்து ஏறிய சமயத்தில்தான் பிடித்திருந்தார்கள். இப்போது விடுதலையான பிறகு, என் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபுவை நச்சரித்தார். பதில் வராமல் போகவே 1818-ல் அமைச்சரை நேருக்கு நேர் சண்டைக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டார். கத்தியா துப்பாக்கியா என்று சிட்மவுத் பதில் எழுதவில்லை. போலீஸை அனுப்பினார். ஹார்ஷம் சிறையில் ஒரு வருடம். டிக்கெட் காசு கேட்டுப் போனவருக்கு அரசாங்கச் செலவில் தங்கும் வசதி கிடைத்தது.

அந்த ஒரு வருடத்தில் சங்கத்தின் மேடையைப் பிடித்தவர் ராபர்ட் வெடர்பர்ன். ஜமைக்காவில் அடிமைத் தாய்க்கும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளிக்கும் பிறந்தவர். தொழில் தையல். சோஹோ ஹாப்கின்ஸ் தெருவில் ஒரு வைக்கோல் பரணைத் தேவாலயம் என்று பதிவு செய்து, அங்கே புரட்சி உபதேசம் செய்தார். 1819 ஆகஸ்டில் அங்கே நடந்த விவாதத் தலைப்பு: விடுதலை தர மறுக்கும் எஜமானனைக் கொல்ல அடிமைக்கு உரிமை உண்டா? கை தூக்கச் சொன்னபோது ஏறக்குறைய எல்லோரும் உண்டு என்றார்கள். கூட்டத்தில் இருந்த ஒற்றர்களும் கை தூக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வார்களே.

கடவுள் அனுப்பிய விருந்து

அதே மாதம் 16-ம் தேதி மான்செஸ்டரில் ஹன்ட் பேச வந்த அமைதியான கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்தது. 15 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கில் காயம். வெட்டியவர்களுக்கு அரசு நன்றி சொன்னது. வெட்டுப்பட்டவர்களின் தலைவர் ஹன்ட் ஜெயிலுக்குப் போனார். சிறையிலிருந்து வந்திருந்த திஸ்டில்வுட்டுக்கு இனி மனு, மைதானம், மூவர்ணக்கொடி எதிலும் நம்பிக்கையில்லை. மொத்த மந்திரிசபையையும் ஒரே இடத்தில் வைத்துத் தீர்த்துக்கட்டினால் என்ன?

யோசனை நல்லது, கையில் காசில்லை. அப்போது உதவிக்கு வந்தவர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ். பிளாஸ்டர் சிலைகள் செய்து விற்கிறவர். ஈட்டன் பள்ளித் தலைமை ஆசிரியர் கீட்டின் உருவத்தை இவர் செய்து விற்க, மாணவர்கள் அதை வாங்கி வைத்துக் கல்லெறிந்து மகிழ்ந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. யாருக்கு யாரைப் பிடிக்காது என்று பார்த்துச் சரக்குத் தயாரிக்கும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயுதம் வாங்கக் காசு, வெடிகுண்டு செய்ய யோசனை, சோர்ந்தவர்களுக்கு உற்சாகம் எல்லாவற்றுக்கும் எட்வர்ட்ஸ் தயார். இவ்வளவு நல்ல தொண்டர் எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. காசில் விஷயத்தில் ஒருமுறை சூடுபட்டும் கேட்கவில்லை. எட்வர்ட்ஸும் உள்துறையின் ஆள்தான்.

1820 பிப்ரவரி 22. ஒருவர் வீட்டு அறையில் எல்லோரும் கூடியிருக்க, எட்வர்ட்ஸ் பரபரப்பாக வந்தார். நாளை இரவு குரோவனர் சதுக்கத்தில் ஹாரோபி பிரபு வீட்டில் மந்திரிகள் எல்லோருக்கும் விருந்து, பேப்பரில் போட்டிருக்கிறது என்றார். பேப்பரை வாங்கி வந்து பார்த்தார்கள். உண்மைதான். செருப்புத் தைக்கும் பிரன்ட்டுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இந்தத் திருடர்களை ஒரே இடத்தில் சேர்த்துக்கொடு என்று வேண்டியிருந்தேன், கடவுள் இருக்கிறார் என்று இப்போது நம்புகிறேன் என்றார். பிரார்த்தனை போய்ச் சேர்ந்தது வாஸ்தவம். விலாசம் மட்டும் உள்துறை அலுவலகம். 'நியூ டைம்ஸ்' என்ற ஒரே ஒரு பேப்பரில் வந்த அந்த அறிவிப்பு இவர்களுக்கென்று போட்ட தூண்டில்.

திட்டம் உருவானது. ஒருவர் கடிதப் பெட்டியோடு போய்க் கதவைத் தட்டுவார். திறந்ததும் எல்லோரும் உள்ளே பாய்வார்கள். சாப்பாட்டு அறைக்கு 14 பேர் போதும். கசாப்புக்காரர் இங்ஸ் தன் கத்தியைக் கொண்டுவந்தார். வழுக்காமல் இருக்கப் பிடியில் மெழுகு நூல் சுற்றியிருந்தார். மந்திரிகள் காசில்ரே, சிட்மவுத் இருவர் தலையையும் எடுத்து வர இரண்டு பைகள் வேறு. அப்புறம் ஜனங்கள் பொங்கி எழுவார்கள். எப்படிப் பொங்குவார்கள், யார் சொல்லிப் பொங்குவார்கள் என்ற பகுதி மட்டும் ஸ்பா ஃபீல்ட்ஸ் போலவே எழுதப்படாமல் இருந்தது.

எட்ஜ்வேர் சாலைப் பக்கம் கேட்டோ தெருவில் ஒரு லாயம். அதன் மேலே வைக்கோல் பரண், ஏறுவதற்கு ஒரு ஏணி. 23-ம் தேதி இரவு அங்கே ஏறக்குறைய 25 பேர் சேர்ந்தார்கள். இவ்வளவு பேர்தானா என்று சிலருக்கு வயிறு கலங்கியது. ஹாரோபி வீட்டுப் பக்கம் வேவு பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. வாசலில் வண்டி வண்டியாகப் பெரிய மனிதர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அந்த வண்டிகள் வந்தது பக்கத்து வீட்டுக்கு. அங்கே யார்க் ஆர்ச்பிஷப் வீட்டிலும் அன்று விருந்து! மந்திரிகள் வேறிடத்தில் பத்திரமாக இருந்தார்கள். ஒற்றர் போதாதென்று, ஹைடன் என்ற பால்காரரும் பூங்காவில் குதிரையில் போன ஹாரோபியை நிறுத்தி எச்சரித்திருந்தார்.

ஏணி வழியே முதலில் ஏறி வந்தது போலீஸ். இருட்டில் மெழுகுவர்த்திகள் அணைந்தன. ரிச்சர்ட் ஸ்மிதர்ஸ் என்ற காவலர் திஸ்டில்வுட்டின் வாளுக்குப் பலியானார். உதவிக்கு வரவேண்டிய ராணுவப் பிரிவு தெருவைச் சரியாகப் பிடிக்காமல் தாமதித்து, துப்பாக்கிச் சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தது. ஜன்னல் வழியே தப்பிய திஸ்டில்வுட் மறுநாள் காலை மூர்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு வீட்டுப் படுக்கையில் பிடிபட்டார். அந்த வீட்டு விலாசத்தைப் போலீஸுக்குச் சொன்னவர் எட்வர்ட்ஸாகத்தான் இருக்க வேண்டும்.

விசாரணையில் இந்தமுறை அரசு உஷார். எட்வர்ட்ஸைச் சாட்சிக் கூண்டு பக்கமே கொண்டுவரவில்லை. வேறு கூட்டாளி ஒருவரை அப்ரூவராக்கி வேலையை முடித்தார்கள். 1820 மே 1-ம் தேதி நியூகேட் வாசலில் திஸ்டில்வுட், இங்ஸ், பிரன்ட், டிட், ஜமைக்காவில் பிறந்த வில்லியம் டேவிட்சன் ஆகிய ஐந்து பேரைத் தூக்கிலிட்டுத் தலையையும் வெட்டினார்கள். எட்வர்ட்ஸ் வேறு பெயரில் வேறு தேசத்துக்கு அனுப்பப்பட்டார். முன்பு ராயல் எக்ஸ்சேஞ்சில் இவர்களைத் துரத்திப் பிடித்த மாத்யூ வுட்தான், அந்த ஒற்றரை விசாரிக்க வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேறு ஐந்து பேரை ஆயுளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் ஜான் ஷா ஸ்ட்ரேஞ்ச் அங்கே பாதர்ஸ்ட் பகுதியில் தலைமைக் கான்ஸ்டபிளாகி, கொள்ளையர்களைப் பிடித்து நல்ல பெயர் எடுத்தார். சங்கத்திலேயே அரசுப் பதவிக்கு வந்தவர் அவர்தான்.

கணக்கு

இத்தனை விவரம் நமக்கு எப்படிக் கிடைத்தது? சங்கம் ஆவணக் காப்பகம் எதுவும் வைத்திருக்கவில்லை. எந்த பப்பில் எந்த ராத்திரி யார் என்ன பேசினார்கள் என்பது உள்துறைக் கோப்புகளில் ஒற்றர் அறிக்கைகளாக இருக்கிறது. கட்சியின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதியவர்கள் கட்சியை அழிக்க வந்தவர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியதால் தேதி, நேரம் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது.

இவர்கள் கோமாளிகளா? வழிமுறையில், சந்தேகமில்லாமல். ஜனங்கள் வருவார்கள் என்று நம்பிக் கதவைத் திறந்து வைத்து, வந்த முதல் ஆளை விசாரிக்காமல் பொருளாளராக்கும் கட்சி உருப்படாது. ஆனால் கோரிக்கைகளைப் பாருங்கள். அன்று பைத்தியக்காரத்தனம் என்று சொல்லப்பட்ட எல்லா ஆண்களுக்கும் ஓட்டு 1918-ல் சட்டமானது. ஸ்பென்ஸ் கேட்ட பெண்கள் ஓட்டு ஆண்களுக்குச் சமமாக 1928-ல் வந்தது. ரகசிய வாக்கெடுப்பு 1872-லேயே வந்துவிட்டது. பைத்தியங்கள் சொன்னதை அறிவாளிகள் நூறு வருடம் யோசித்துச் செய்தார்கள்.

நிலம் மட்டும்தான் பாக்கி. மந்திரிகளுக்கு நடக்காத விருந்து நடக்கவிருந்த குரோவனர் சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டார நிலம் அப்போதும் குரோவனர் குடும்பத்துடையது, இப்போதும் அவர்களுடையதுதான். அமெரிக்கா அங்கே தூதரகம் கட்டியபோது மனையைச் சொந்தமாக வாங்கப் பார்த்தது. விடுதலைப் போரில் நீங்கள் எங்களிடம் பறித்த ஃபுளோரிடா நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், மனையைத் தருகிறேன் என்று குரோவனர் வாரிசான பிரபு சொன்னாராம். உலக வல்லரசு 999 வருடக் குத்தகையில் கையெழுத்துப் போட்டு, வாடகைதாரராகவே இருந்து, 2018-ல் வேறு இடத்துக்கு வீடு மாறியது.